தோட்டாவை யார் சுமப்பது?

அன்புள்ள ராஜு,

உன் கடிதம் போன வாரம் வந்தது. பேரன் பிறந்த செய்தி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பெயர் வைத்ததும் மறக்காமல் எழுது. இங்கே எல்லோரும் நலம்.

கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி வைத்திருந்தாயே, அது ஒரு வாரமாக மனதைவிட்டுப் போகவில்லை. "பிரென் அவ்வளவு நல்ல இலகு இயந்திரத் துப்பாக்கி என்கிறாய். பிறகு ஏன் பிரிட்டிஷ்காரர்கள் அதைக் காலாட்படையின் மிகச் சிறிய குழுவான செக்‌ஷனிலிருந்து எடுத்தார்கள்?" நல்ல கேள்வி. ஆனால் துப்பாக்கிகளை மட்டும் வரிசையாக அடுக்கிப் பார்த்தால் விடை கிடைக்காது. ஒவ்வொரு காலத்திலும் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். இயந்திரத் துப்பாக்கியின் தோட்டாவை யார் யார் சுமந்தார்கள்? குழல் சூடேறினால் என்ன செய்தார்கள்? செக்‌ஷனில் எத்தனை பேர், யார் எங்கே படுப்பது என்பதெல்லாம் இந்த இரண்டிலிருந்துதான் வந்தது என்பது என் எண்ணம்.

1914-ல் இந்தச் சிக்கலே இல்லை. செக்‌ஷன் என்றால் ஒரு என்.சி.ஓ.வின் (அதிகாரி நிலைக்குக் கீழான தலைவர்) கீழ் பன்னிரண்டு பேர், எல்லோர் கையிலும் .303 லீ-என்ஃபீல்டு. மேகசினில் பத்துத் தோட்டா, ஐந்தைந்தாகக் கிளிப்பில் வைத்து மேலிருந்து அழுத்தி நிரப்புவார்கள். 300 கெஜத்தில் ஒரு நிமிடத்துக்குப் பதினைந்து குறிபார்த்த வெடி என்பது பயிற்சியின் அளவுகோல். ஏறத்தாழ ஆயிரம் பேர் கொண்ட பட்டாலியனுக்கே இயந்திரத் துப்பாக்கி இரண்டுதான். செக்‌ஷன் தனியாகச் சண்டை போடும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நான்கு செக்‌ஷன் சேர்ந்த பிளட்டூனை எண்ணிப் பிரிக்க அது ஒரு வசதி, அவ்வளவுதான்.

லூயிஸ் என்ற இலகு இயந்திரத் துப்பாக்கி வந்ததும் நிலைமை மாறியது. 1917 பிப்ரவரியில் வந்த பயிற்சிக் கையேடு பிளட்டூனை நான்கு தொழிலாகப் பிரித்தது: கையெறி குண்டு வீசுபவர்கள், லூயிஸ்காரர்கள், ரைஃபிள்காரர்கள், ரைஃபிள் முனையிலிருந்து குண்டு எறிபவர்கள். லூயிஸ் செக்‌ஷனில் ஒன்பது பேர், ஆனால் துப்பாக்கி ஒன்றுதான். மற்றவர்கள் எதற்கு? கணக்குப் போட்டுப் பார். தட்டுப் போன்ற வட்ட மேகசினில் 47 தோட்டா, நிரப்பினால் ஏறத்தாழ 2 கிலோ. முப்பது தட்டு கொண்டுபோக வேண்டும். அதுவே 60 கிலோ. துப்பாக்கி தனியாக 12, 13 கிலோ. ஆக அந்த ஒன்பது பேரில் பெரும்பாலோர் சுமை தூக்குபவர்கள். சுடுவது ஒருவர், பக்கத்தில் படுத்துத் தட்டு மாற்றுவது இன்னொருவர்.

லூயிஸின் குறைகளும் தெரிந்தவைதான். தட்டின் அடிப்பக்கம் திறந்தே இருக்கும், அகழியின் சேறு நேரே தோட்டாக்களின் மேல் அப்பும். தோட்டாவைக் குழலுக்குள் தள்ளும் போல்ட்டை முன்னே செலுத்தும் வில் கடிகாரச் சுருள் போன்றது. அதன் இழுவிசையைக் கொக்கித் தராசு மாட்டிச் சோதிக்க வேண்டும். தளர்ந்தால் துப்பாக்கி தடுமாறும், மிக முறுக்கினால் அடுத்த தோட்டாவை எடுக்கும் அளவுக்குப் போல்ட் பின்னால் வராது. குழலைச் சுற்றி அலுமினியத் துடுப்புகளும் அவற்றின் மேல் உறையும் இருப்பதால் சண்டை நடுவே குழல் மாற்ற வழியில்லை. சூடேறினால் நிறுத்தி நிறுத்திச் சுடுவதுதான் ஒரே வைத்தியம். நான்கு தொழில் முறைக்கும் ஒரு பெரிய குறை உண்டு. லூயிஸ் செக்‌ஷன் மேல் ஒரு குண்டு விழுந்தால் பிளட்டூனின் பலம் பாதிக்குமேல் போய்விடும். 1918-ல் பிளட்டூனுக்கு இரண்டு லூயிஸ் கிடைத்ததும்தான் ஒன்று சுட, மற்றொன்று நகர முடிந்தது.

இனி பிரென். செக்கோஸ்லோவாக்கியாவின் பிர்னோ ஊரில் பிறந்த வடிவத்தை .303-க்கு மாற்றி என்ஃபீல்டில் செய்தார்கள். பிர்னோவின் 'பிர்', என்ஃபீல்டின் 'என்' சேர்ந்து பிரென். 1937 செப்டம்பரில் என்ஃபீல்டிலிருந்து முதல் துப்பாக்கி வெளிவந்தது. எடை சுமார் 10 கிலோ, நிமிடத்துக்கு 500 வேகம். அதைவிடப் பெரிய மாற்றம், லூயிஸ் செக்‌ஷன், ரைஃபிள் செக்‌ஷன் என்ற பிரிவினையே மறைந்தது. பிளட்டூனுக்கு மூன்று செக்‌ஷன், ஒவ்வொன்றிலும் ஒரு பிரென்.

சுமை எப்படிப் பங்காயிற்று என்பதைப் பார். 1937 மாதிரி வலைப்பட்டைக் கச்சையில் மார்புக்குக் கீழே இரண்டு பெரிய பை இருக்குமே, அவை பிரென் மேகசினுக்கு அளவெடுத்துத் தைத்தவை. ரைஃபிள்காரன் தன் ரைஃபிளுக்கான 50 தோட்டாவைத் துணி பாண்டோலியரில் குறுக்கே போட்டுக்கொள்வான். பையில் இருப்பது அவனுடையதல்ல, பிரென்னுடையது. நிரம்பிய மேகசின் 1.2 கிலோ அளவில்தான் என்பதால் ஒருவன் இரண்டை எளிதாகத் தூக்கலாம், ஓடும்போது ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குக் கொடுக்கலாம். தட்டுச் சுமக்கத் தனி ஆட்கள் தேவையில்லாமல் போனார்கள்.

1944-ல் செக்‌ஷன் பத்துப் பேர். ஸ்டென் என்ற சிறு இயந்திரத் துப்பாக்கியோடு தலைவரான கார்ப்பரல், அவருடன் ஆறு ரைஃபிள்காரர்கள். இது ரைஃபிள் குழு. லான்ஸ் கார்ப்பரல், பிரென்னைச் சுடும் நம்பர் ஒன், அவருக்கு உதவும் நம்பர் டூ மூவரும் துப்பாக்கிக் குழு. தாக்குதலில் துப்பாக்கிக் குழு பக்கவாட்டில் ஒதுங்கி, ரைஃபிள் குழு ஓடும் திசைக்கு முடிந்தவரை செங்குத்தாகப் படுக்க வேண்டும். கோணம் அகலமாக இருந்தால்தான் தன் ஆட்கள் எதிரியின் குழியை நெருங்கும் கடைசி நொடிவரை பிரென் சுடலாம். கோணம் குறுகினால் பாதி வழியிலேயே நிறுத்த வேண்டிவரும், அந்த மௌனத்தில்தான் எதிரி தலை தூக்குவான். அந்தக் காலப் பயிற்சியில் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னது வீண் அல்ல.

துப்பாக்கியைக் கையாள்வதிலும் நுணுக்கங்கள் உண்டு. மேகசினில் 30 கொள்ளும், ஆனால் வில் களைக்காமலிருக்க 28-தான் போடுவார்கள். .303 தோட்டாவுக்கு அடியில் விளிம்பு துருத்தி நிற்கும். நிரப்பும்போது ஒவ்வொரு தோட்டாவின் விளிம்பும் ஏற்கெனவே உள்ளே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் அமர வேண்டும். ஒன்று பின்னால் போனாலும் விளிம்பு விளிம்பைப் பிடித்துக்கொண்டு மேகசின் நின்றுவிடும். வேகமாகச் சுட்டால் நிமிடத்துக்கு நான்கு மேகசின். பத்து மேகசின் அப்படிப் போனால் குழலை மாற்ற வேண்டும். தூக்கும் கைப்பிடி குழலோடு சேர்ந்தே இருப்பதால் கொதிக்கும் குழலைத் தொடாமலே கழற்றிவிடலாம். பழகிய நம்பர் டூவுக்கு அது சில நொடி வேலை.

சுடும்போது நின்றுவிட்டால்? போல்ட்டைப் பின்னுக்குக் கொண்டுவரும் காக்கிங் பிடியை இழு, மேகசினை எடு, விசையை அழுத்து, மேகசினை மாட்டு, மறுபடி இழு, சுடு. யோசிக்காமல் கை தானாகச் செய்யும்வரை இதைப் பழக்குவார்கள். அதன்பின் சில வெடி போய் மறுபடி நின்றால் பெரும்பாலும் துப்பாக்கியை இயக்கும் வெடிவாயு குறைவு, கரி அடைத்திருக்கும். அந்த வாயுவின் அளவை மாற்றும் ரெகுலேட்டரில் நான்கு துளை உண்டு, அடுத்த பெரிய துளைக்குத் திருப்பினால் ஓடும். மேகசின் மேலே நிற்பதால் குறி பார்க்கும் பாகங்கள் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கும், ஆகவே வலது தோளில் மட்டுமே சுடலாம்.

ஸ்டென்னைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம். மலிவாக, வேகமாகச் செய்ய முடிந்தது, அந்த நேரத்தில் அதுதான் தேவை. ஆனால் அதன் மேகசினில் இரண்டு வரிசைத் தோட்டா வாயருகே ஒன்றாகக் குறுகும். வாய் சற்று நசுங்கினாலே சிக்கும். முன்னால் கிடக்கும் போல்ட்டைப் பூட்டாமல் விட்டு, அடிப்பாகம் தரையில் படும்படி துப்பாக்கி விழுந்தால், போல்ட் பின்னால் எகிறி ஒரு தோட்டாவைப் பிடித்துக்கொண்டு முன்வந்து வெடிக்கும். காக்கிங் பிடியை உள்ளே தள்ளி போல்ட்டைப் பூட்டும் வசதி பிறகுதான் வந்தது.

இப்போது உன் கேள்வி. 1950-களில் நேட்டோவின் 7.62 மி.மீ. தோட்டா வந்தது. ரைஃபிளுக்கு எஸ்.எல்.ஆர்., 20 தோட்டா மேகசின், விசைக்கு ஒரு வெடி. பிரென்னையும் தூக்கி எறியவில்லை, 7.62-க்கு மாற்றி எல்4 என்று பெயரிட்டார்கள். புதுத் தோட்டாவுக்குத் துருத்திய விளிம்பு இல்லாததால் மேகசின் ஏறத்தாழ நேராகியது. எல்4ஏ4 வகையில் குழலின் உட்புறம் குரோமியம் பூசியதால் இரண்டாவது குழல் கொடுப்பதையே நிறுத்தினார்கள். எஸ்.எல்.ஆர். மேகசின் எல்4-ல் பொருந்தும். மறுபக்கம் செய்தால் நம்ப முடியாது, ஏனென்றால் எல்4 மேகசினின் வில் தோட்டா தன் எடையால் கீழே இறங்குவதை எண்ணிச் செய்தது.

இத்தனை இருந்தும் 1960-களில் செக்‌ஷனுக்கு ஜி.பி.எம்.ஜி. என்ற பொதுப்பயன் இயந்திரத் துப்பாக்கி வந்தது, பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவன வடிவம். பிரென்னில் குறை கண்டு செய்த மாற்றம் அல்ல இது. செக்‌ஷனில் இருகாலில் சுடவும், பட்டாலியனில் முக்காலி வைத்து, பழைய இயந்திரத் துப்பாக்கியான விக்கர்ஸின் வேலையைச் செய்யவும் ஒரே துப்பாக்கி, ஒரே உதிரி பாகம், ஒரே பயிற்சி வேண்டும் என்று ராணுவம் நினைத்தது. விக்கர்ஸ் 1968-ல் ஓய்வு பெற்றது. முக்காலி வேலைக்குத் தோட்டாக்களைக் கோத்த பெல்ட் இல்லாமல் முடியாது. அந்தப் பெல்ட்டின் விலையைச் செக்‌ஷன் கொடுத்தது. துப்பாக்கி கிட்டத்தட்ட 11 கிலோ, 200 தோட்டாப் பெல்ட் ஏறத்தாழ 6 கிலோ. தொங்கும் பெல்ட் புதரில் மாட்டும், சேற்றில் இழுபடும், அந்தச் சேற்றை அப்படியே உள்ளே கொண்டுபோகும். ஓடிக்கொண்டே ஊட்டுவது கடினம், நம்பர் டூ பக்கத்திலேயே வேண்டும். ஆனால் படுத்துச் சுட ஆரம்பித்துவிட்டால் எதிரியைத் தலை தூக்கவிடாமல் அடக்கும் அதன் சக்திக்கு 30 தோட்டா மேகசின் ஈடாகாது. 1982-ல் ஃபாக்லாந்துப் போருக்குப் போன பாராசூட் படையின் இரண்டாவது பட்டாலியன் செக்‌ஷனுக்கு இரண்டு ஜி.பி.எம்.ஜி. எடுத்துப் போனது எனக்கு வியப்பாகவே இல்லை. வெட்டவெளிப் புல்நிலத்தில் சுமையைவிடச் சுடும் பலம் பெரிது.

அந்தப் பாடத்தை மூன்றே ஆண்டில் மறந்ததுதான் எனக்கு ஆற்றாமை. 1985-ல் எஸ்.ஏ. 80 என்ற துப்பாக்கி வரிசை வந்தது, 5.56 மி.மீ. செக்‌ஷன் எட்டுப் பேர், நான்கு நான்காக சார்லி, டெல்டா என்று இரண்டு குழு. ஒவ்வொன்றிலும் மூன்று எல்85 ரைஃபிள், ஒரு எல்86 எல்.எஸ்.டபிள்யூ. என்ற இலகு துணைத் துப்பாக்கி. எட்டுப் பேருக்கும் ஒரே தோட்டா, ஒரே மேகசின். காகிதத்தில் பார்த்தால் என் இரண்டு கேள்விகளில் முதலாவதற்கு அருமையான விடை. இரண்டாவதில் கோட்டைவிட்டார்கள். எல்.எஸ்.டபிள்யூ.வின் குழல் நீளமானது, ஒற்றை வெடியில் மிகத் துல்லியம். ஆனால் களத்தில் மாற்ற முடியாத குழல், அடியில் 30 தோட்டா மேகசின். தொடர்ந்து அடக்கிச் சுடும் வேலைக்கு அது சரிப்படவில்லை. சுருக்கமாகச் சொன்னால் நல்ல குறிபார்க்கும் ரைஃபிளை இயந்திரத் துப்பாக்கி என்று பெயர் வைத்துக் கொடுத்தார்கள்.

எல்85-லும் ஆரம்பத்தில் குறைகள் நிறைய. மேகசின் பிடிப்பு உடம்பில் உரசி அழுந்தி மேகசின் தானாக விழும்; அதைச் சுற்றி வேலி போல ஒரு விளிம்பு வைத்துச் சரிசெய்தார்கள். 1991 வளைகுடாப் போரில் மணல் புகுந்து நின்றது. 2000-க்குப் பின் ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனம் போல்ட், எக்ஸ்ட்ராக்டர், ஃபயரிங் பின், மேகசின் எல்லாம் மாற்றி ஏ2 ஆக்கியது. அதன்பின் நம்பகமான ரைஃபிளாகிவிட்டது. இடது தோளில் மட்டும் இன்றும் சுட முடியாது, சுட்டபின் வெளியேறும் வெற்றுக் கூடு முகத்தில் அடிக்கும்.

ஆப்கானிஸ்தானில் சக்கரம் மறுபடி சுழன்றது. குழுவுக்கு மினிமி என்ற இலகு இயந்திரத் துப்பாக்கி ஒன்று, 200 தோட்டாப் பெல்ட், குழலும் மாற்றலாம். ஆனால் குட்டைக் குழல் என்பதால் தூரத்தில் சிதறும். அங்குள்ள ஹெல்மண்ட் மாகாணத்தின் வயல்வெளிகளில் தொலைவிலிருந்து சுட்ட எதிரிக்குப் பதில் சொல்ல ஜி.பி.எம்.ஜி. செக்‌ஷனுக்குத் திரும்பியது. 2010-ல் 7.62 ஷார்ப்ஷூட்டர் ரைஃபிள் எல்129ஏ1 சேர்ந்தது. பிறகு மினிமியையும் காலாட்படைச் செக்‌ஷனிலிருந்து எடுக்க முடிவு செய்தார்கள். ஆக, பிரென்னை வெளியேற்றிய அதே துப்பாக்கி இன்னும் நிற்கிறது.

நீ அனுப்பிய பழைய இந்தியச் சிப்பாய் படத்தைப் பற்றி ஒன்று. அது பிரென் என்று எழுதியிருந்தாய். இந்திய ராணுவம் 1933-ல் விக்கர்ஸ்-பெர்த்தியர் என்ற வேறொரு இலகு இயந்திரத் துப்பாக்கியை ஏற்றது, இஷாப்பூரில் செய்தார்கள். அதற்கும் மேலே வளைந்த 30 தோட்டா மேகசின்தான், தூரத்திலிருந்து பார்த்தால் பிரென் போலவே தெரியும். பிரென் முதல் மாடலில் இடப்பக்கம் குறி திருத்தும் ஒரு உருளைச் சக்கரம் துருத்தி நிற்கும். படத்தைப் பெரிதாக்கி அது இருக்கிறதா பார்த்துச் சொல். அப்புறம், நீ கையால் வரைந்த பிரென்னில் மேகசின் வளைவு பின்பக்கம் திரும்பியிருக்கிறது. அது குழல்முனைப் பக்கம் வளைய வேண்டும்.

அன்புடன்,
உன் கணேசன்