சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

கதவுப் பூட்டை முழுசாக மாற்ற வேண்டுமா என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாய். ஏன் என்று நீ எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

முழுப் பூட்டு வேண்டாம், சாவி நுழைகிற உருளை, அதாவது சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும். கதவின் விளிம்பில் ஒரு நீளத் திருகாணி இருக்கும். அதைக் கழற்றி, சாவியைப் போட்டு லேசாகத் திருப்பி இழுத்தால் சிலிண்டர் கையோடு வந்துவிடும். உள்ளே ஐந்தாறு ஜோடி பித்தளை ஊசிகள், ஒவ்வொரு ஜோடிக்கும் மேலே ஒரு ஸ்பிரிங். சாவியின் பற்கள் அவற்றைத் தூக்கும்போது மேல் ஊசியும் கீழ் ஊசியும் பிரியும் இடங்கள் ஒரே கோட்டில் வந்தால்தான் சுற்றும். ஒன்று மயிரிழை பிசகினாலும் நகராது. 1861இல் லைனஸ் யேல் ஜூனியர் காப்புரிமை வாங்கிய வேலைப்பாடு, இன்னும் அதை மிஞ்ச ஆளில்லை என்பேன். புது சிலிண்டர் போட்டால் பழைய சாவி உள்ளே போனாலும் போகும், திரும்பாது. யார் கையில் எத்தனை சாவி இருந்தால் என்ன?

டிஜிட்டல் பூட்டுதான் வேண்டும் என்றால் போடு. ஆனால் பின்னால் ஒரு நாள் நம்பரை மாற்றினால் மட்டும் போதாது, பதிந்த விரல்ரேகையைத் தனியாக அழிக்க வேண்டும். பேட்டரி இறங்கினால் பீப் பீப் என்று கத்தும், அலட்சியம் பண்ணாதே. துளை போடுமுன் தீத்தடுப்புக் கதவா என்று பார்த்துக்கொள்.

கேட்டுக்கு அப்பத்தா கொடுத்த திண்டுக்கல் பூட்டே இருக்கட்டும். அதில் ஊசி கிடையாது, எல்லாம் நெம்புத் தகடு. சாவி அதைக் குறைவாகத் தூக்கினாலும் திறக்காது, அதிகமாகத் தூக்கினாலும் திறக்காது. 2019இல் புவிசார் குறியீடே வாங்கிய பூட்டு. ராத்திரி அதைப் பூட்டிவிட்டுப் படு. சாவியை உன் கைக்கு எட்டுகிற மாதிரி, வெளியிலிருந்து எட்டாத மாதிரி மாட்டு. தீ கீ என்றால் இருட்டில் தேட முடியாது.

தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு வேலை என்றாய். பொங்கலுக்கும் அதையே சொன்னாய். உனக்குமா வேலை? பாலிடெக்னிக்கில் படிக்கும்போதே மின்விசிறியைக் கழற்றி மாட்டிய பிள்ளை நீ. ஒரு சிலிண்டருக்கு என்னைக் கேட்க வேண்டியதே இல்லை. கேட்டது நல்லதுதான்.

ஞாயிறு காலை டூல் பெட்டியோடு வருகிறேன். அம்மாவிடம் தேக்கா சந்தைக்குப் போவதாகச் சொல்லிக்கொள்கிறேன். வீட்டில் வேறு யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை. அதற்குள் அளவு எடுத்து அனுப்பு: திருகாணித் துளையின் நடுவிலிருந்து வெளிப்பக்கம் எத்தனை மில்லிமீட்டர், உள்பக்கம் எத்தனை. சில கதவுகளில் இரண்டும் ஒன்றாக இருக்காது. சிலிண்டர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இடுக்கியால் பிடித்து முறித்துவிடுவான், அதற்காகத்தான் கேட்கிறேன்.

புதுச் சாவியில் ஒன்று எனக்கு. ராத்திரி கேட்டைப் பூட்டு.

அப்பா