மங்கல் மிரர் லென்ஸில் இல்லை, ஆட்டத்தில் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பறவைகளைப் படம் எடுப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை, ஆனால் உள்ளே கண்ணாடிகளை வைத்து வெளிச்சத்தை மடக்கும் மிரர் லென்ஸ் வாங்குவது காசுக்குக் கேடு, படம் மங்கலாகத்தான் வரும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது எனக்கு வருத்தமாக இருந்தது. லட்சக்கணக்கில் செலவு செய்ய முடியாதவர்களுக்குத் தூரத்துப் பறவையைக் கிட்டத்தில் காட்டுவது இந்த லென்ஸ்தான். பழைய லென்ஸ் ஒன்றை வைத்துக்கொண்டு வேடந்தாங்கல் ஏரிக்கரையில் பல காலைகள் உட்கார்ந்தவன் என்பதால் சொல்கிறேன், மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் எடுக்கும்போது கேமரா ஆடுவதுதான்.

இந்த லென்ஸுக்குள் வரும் வெளிச்சம் பின்னால் இருக்கும் வளைந்த கண்ணாடியில் பட்டு முன்னுக்கு வந்து, அங்கே நடுவில் இருக்கும் சின்னக் கண்ணாடியில் பட்டு, மறுபடி பின்னால் போய்த்தான் கேமராவில் விழுகிறது. பாதை இப்படி மடிந்துவிடுவதால் குழல் குட்டை, எடையும் குறைவு. நிக்கானின் பழைய 500 எம்எம் (குவியத் தூரம், எவ்வளவு கிட்டத்தில் காட்டும் என்பதன் அளவு), எஃப் 8 (வெளிச்சம் நுழையும் துளையின் அளவு, எண் குறைந்தால் துளை பெரிது) மிரர் லென்ஸ் 840 கிராம்தான். அவர்களுடைய 500 எம்எம், எஃப் 4 லென்ஸ் மூன்று கிலோவைத் தாண்டும். ஆளை ஏமாற்றுவதும் இந்த எடைதான். கனமான லென்ஸ் கை நடுக்கத்தைக் கொஞ்சம் தன் பாரத்திலேயே அடக்கிவிடும், இது அடக்காது.

மிரர் லென்ஸில் எஃப் 8-ஐ மாற்றவும் முடியாது. அதனால் வெளிச்சத்தைக் கேமரா உணரும் திறனான ஐஎஸ்ஓவைக் கூட்டப் பயப்படக் கூடாது. படம் பதியும் சென்சார் சின்னதாக உள்ள கேமராவில் கையில் பிடித்து எடுத்தால் ஷட்டர் வேகம் 1/750 நொடியைவிட மெதுவாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், 1/1000 இருந்தால் இன்னும் நல்லது. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 400-லேயே இது கிடைக்கும். காலை ஏழு மணி வெளிச்சத்தில் 1600 வரைக்கும் போக வேண்டியிருக்கும். படத்தில் கொஞ்சம் புள்ளி தெரிந்தால் தெரியட்டும், ஆடிப்போன படத்தை அப்புறம் எதை வைத்தும் முழுசாகச் சரிசெய்ய முடியாது.

இன்னொன்றை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். உள்ளே கண்ணாடி இல்லாத புது மிரர்லெஸ் கேமராவில் இந்த லென்ஸை மாட்டிய முதல் மாதம் ஒரு படம்கூட உருப்படியாக வரவில்லை. லென்ஸ் கெட்டுவிட்டது என்று விற்கவே கிளம்பிவிட்டேன். கடைசியில் பார்த்தால், ஆட்டத்தைத் திருத்தும் வசதிக்காக மெனுவில் கொடுக்க வேண்டிய எண் 50 என்றே கிடந்திருக்கிறது. பழைய லென்ஸ் தன்னுடைய குவியத் தூரத்தைக் கேமராவுக்குச் சொல்லாது, நாம்தான் 500 என்று போட வேண்டும். போட்டதும் அன்று சாயங்காலமே கூழைக்கடாவின் அலகுக்குக் கீழே தொங்கும் பையில் இருந்த சுருக்கம் வரைக்கும் தெரிந்தது.

ட்ரைபாட் இருந்தால் நடுத்தண்டை உயர்த்தாமல் கால்களை அகட்டித் தாழ்வாக வையுங்கள், காற்றில் படபடக்கும் கேமரா வாரைக் கழற்றிவிடுங்கள். கூட்டில் அசையாமல் நிற்கும் பறவைக்கு இரண்டு நொடி டைமரே போதும், விரல் அழுத்தும் அதிர்வு அதற்குள் அடங்கிவிடும். ட்ரைபாட் இல்லாதவர்களுக்கு என் வழி, பழைய ஜீன்ஸின் ஒரு காலை வெட்டித் தைத்து உள்ளே இரண்டு கிலோ கொண்டைக்கடலை. அந்தப் பையைக் கைப்பிடிச் சுவர் மேல் போட்டு லென்ஸை அதில் அமுக்கி, இடது கையை லென்ஸின் தலைமேல் வைத்து, மூச்சைப் பாதி விட்டு அழுத்துவேன். மணல் வேண்டாம், கசிந்து ஃபோகஸ் வளையத்துக்குள் போய்விடும்.

பத்து மணிக்கு மேல் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் மரங்களே அலையடிப்பது போல் நெளியும். அது சூடான காற்றின் வேலை, அதற்கு எந்த ட்ரைபாடும் உதவாது, கிட்டத்தில் இருக்கும் பறவையைத் தேடுங்கள். ஏசி காரிலிருந்து எடுத்த லென்ஸுக்கும் வெளிச்சூட்டுக்குப் பழக அரை மணி நேரம் கொடுக்க வேண்டும்.

பறவைக்குப் பின்னால் தண்ணீர் மினுங்கினால் ஒவ்வொரு மினுக்கமும் மெதுவடை மாதிரி வளையமாக விழும். நடுவில் இருக்கும் சின்னக் கண்ணாடி மறைப்பதால் வருவது அது. பிடிக்காதவர்கள் பின்னணியில் நிழல் இருக்கும் பக்கமாக நகர்ந்துகொள்ளலாம்.

பழையது வாங்குகிறவர்கள் டார்ச் அடித்து உள்கண்ணாடியில் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கம் திருகியிருக்கும் சின்ன ஃபில்டரையும் கேட்டு வாங்குங்கள். பல மிரர் லென்ஸ்களில் அதுவும் லென்ஸின் ஒரு பகுதிதான், அது இல்லாவிட்டால் ஃபோகஸ் இடம் மாறிவிடும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், மதுராந்தகம்