டெர்பிக்குப் பேருந்து ஏற்பாடு செய்யும் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சுற்றுலாக் குழுவினருக்கு,

வணக்கம். கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் குடியிருக்கும் தமிழர்களில் நானும் ஒருவன். குளிர்காலம் முடியும் முன்பே, கென்டக்கி டெர்பி என்ற குதிரைப் பந்தயத்துக்காகப் பக்கத்து மாநிலச் சங்கங்களிலிருந்து எங்களுக்குத் தொலைபேசி வரத் தொடங்கிவிடும். "டெர்பிக்கு ஐம்பது பேர் வருகிறோம், வழியில் அப்படியே ஒரு குதிரைப் பண்ணையையும் காட்டிவிடுங்கள்." இந்த "அப்படியே" என்ற சொல்லுக்காகத்தான் இந்த மடல். உங்கள் பயணத் திட்டத்தைத் தலைகீழாக்கச் சொல்லப்போகிறேன். பண்ணைக்காக வாருங்கள், பந்தயத்தை "அப்படியே" பாருங்கள். டெர்பியை விட்டே விட்டாலும் நஷ்டமில்லை.

டெர்பி மே மாத முதல் சனிக்கிழமை, லூயிவில் நகரத்துச் சர்ச்சில் டவுன்ஸ் திடலில் நடக்கிறது. ஒன்றேகால் மைல், சுமார் இரண்டு நிமிட ஓட்டம். ஒன்றரை லட்சம் பேர் கூடுகிற இடத்தில் நம் கைக்கு எட்டுகிற விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஓடுபாதைக்கு நடுவிலுள்ள திடலுக்கான சீட்டுதான். அங்கே பாட்டு உண்டு, சேறு உண்டு, பெரிய பெரிய தொப்பிகள் உண்டு. குதிரை மட்டும் கண்ணில் படாது. 1973இல் செக்ரடேரியட் என்ற குதிரை 1 நிமிடம் 59.4 நொடியில் ஓடி முடித்தது இன்றுவரை முறியடிக்கப்படாத சாதனை. அதை வீட்டில் உட்கார்ந்து காணொளியில் பார்ப்பதே மேல்.

மாறாக ஏப்ரலிலோ அக்டோபரிலோ லெக்சிங்டனுக்கே வாருங்கள். 1936இல் திறந்த கீன்லேண்ட் பந்தயத் திடலில் அந்த இரண்டு மாதங்களில் சில வாரங்கள் மட்டும்தான் பந்தயம். சுண்ணாம்புக்கல் கட்டடம், பழைய மரங்கள், அவற்றின் நிழலில் ஓட்டத்துக்கு முன் குதிரைகளைச் சுற்றி நடத்துகிற வட்டம். குழந்தையைத் தோளில் ஏற்றாமலே அதற்குக் குதிரையைக் காட்டலாம். 1997 வரை இங்கே ஒலிபெருக்கியில் பந்தய வர்ணனைகூடக் கிடையாது. எது முந்துகிறது என்பதை அவரவர் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். அந்த அடக்கம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

ஆனால் பந்தயத்தைவிட நான் உங்களை அழைத்துப்போக ஆசைப்படுவது காலைப் பயிற்சிக்குத்தான். அதைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. விடிந்தும் விடியாத நேரத்தில் வேலியோரம் நின்றால், குளம்படி கேட்பதற்கு முன்பே மூச்சுச் சத்தம் கேட்கும். நாலுகால் பாய்ச்சலில் போகும் குதிரையால் நினைத்தபோது மூச்சு விட முடியாது. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஒரு மூச்சு, உடம்பின் ஆட்டத்தோடு பூட்டியதுபோல். அதனால் வேகம் கூடக்கூட அந்தச் சத்தமும் நெருங்கி நெருங்கி வரும். முழு வேகத்தில் ஓடுபவை உள்வேலியை ஒட்டிப் போகும். மெதுவோட்டக் குதிரைகள் வெளிப்பக்கமாக எதிர்த்திசையில் வரும். யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதில் ஒரு தெருவின் ஒழுங்கு இருக்கிறது. நடுவில் சிறிது நேரம் எல்லாம் நிற்கும், டிராக்டர் வந்து மண்ணைக் கிளறிச் சமன் செய்யும். ஓடி முடித்த குதிரையைக் குளிப்பாட்டும்போது முதுகிலிருந்து ஆவி எழும். பிறகு ஒருவர் கயிற்றைப் பிடித்து, உடல் சூடு தணியும்வரை பொறுமையாகச் சுற்றிச்சுற்றி நடத்துவார். காலை ஐந்தரைக்கு விடுதியில் எழுப்பினால் சங்கத்தில் கலகம் வெடிக்கும் என்று எனக்குத் தெரியும். எழுப்புங்கள்.

இனி பண்ணைகள். இந்த ஊர் குதிரை ஊரானதற்குக் காரணம் தரைக்கடியில் இருக்கிறது. சுமார் 45 கோடி ஆண்டுப் பழைய சுண்ணாம்புப் பாறை. அதில் ஊறி வரும் தண்ணீரிலும் அதன்மேல் முளைக்கும் புல்லிலும் கால்சியமும் பாஸ்பரசும் அதிகம். எலும்பு வலுக்க இவை வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக இங்கே நம்புகிறார்கள். இந்தப் பகுதிக்குப் பெயர் தந்த "நீலப்புல்" நீலமாக இருக்காது என்பதைப் பேருந்திலேயே சொல்லிவிடுங்கள், இறங்கிய பிறகு ஏமாற்றம் வேண்டாம். அது சாதாரணப் பச்சைதான், அதுவும் ஐரோப்பாவிலிருந்து வந்தது. இவ்வளவு பண்ணை நிலம் இன்னும் மிஞ்சியிருப்பதும் தானாக நடந்ததல்ல. நகரம் இதற்குமேல் பரவக்கூடாது என்று லெக்சிங்டன் 1958இலேயே எல்லைக்கோடு போட்டது. அமெரிக்காவில் அதுதான் முதல். அந்தக் கோட்டை நகர்த்தலாமா என்ற சண்டை இன்றைக்கும் ஓயவில்லை.

பண்ணை என்பது ஒருவருடைய தொழிற்கூடம். முன்பதிவு இல்லாமல் ஐம்பது பேரோடு போய் வாசலில் ஹாரன் அடிக்கும் இடமில்லை. ஒரு முறை ஒரு பேருந்து சாலையோரம் நின்று, பிள்ளைகள் வேலி வழியாகச் சிப்ஸ் ஊட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எந்தச் சங்கம் என்று சொல்லமாட்டேன். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. ஒவ்வாததைத் தின்றால் அது வயிற்றுவலியாகி உயிரையே வாங்கும். அந்த வேலிக்குப் பின்னால் நிற்பது பல லட்சம் டாலர் பெறுமான சினைக்குதிரையாக இருக்கலாம். இல்லாவிட்டாலும் ஊட்டக்கூடாது. கேரட் கொடுக்கலாமா என்று வழிகாட்டியிடம் கேளுங்கள், சரி என்றால் உள்ளங்கையை விரித்து நீட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விரலைக் கடிக்கும்.

எல்லாரும் இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் ஆண் குதிரைகளை, அதாவது பொலிகுதிரைகளைத்தான் பார்க்கக் கேட்கிறார்கள். பாரிஸ் என்ற சிற்றூருக்கருகே கிளெய்போர்ன் பண்ணையில் செக்ரடேரியட்டின் கல்லறை இருக்கிறது. பந்தயக் குதிரைகளுக்குத் தலை, இதயம், குளம்புகளை மட்டும் புதைப்பது வழக்கம், இதை முழுதாகப் புதைத்தார்கள். அதன் இதயம் 22 பவுண்டு என்று எங்கும் சொல்வார்கள். பிணப் பரிசோதனை செய்த மருத்துவர் அதை எடை போடவில்லை, கண் மதிப்பில் சொன்ன கணக்கு அது. பாருங்கள், தவறில்லை. ஆனால் உங்களுக்கு ஒரே ஒரு பண்ணைக்குத்தான் நேரமென்றால், பெட்டைகளும் குட்டிகளும் இருக்கும் பண்ணையைக் கேளுங்கள்.

காரணம், இந்தத் தொழிலின் விசித்திரமெல்லாம் அங்கேதான் புரியும். தரோபிரெட் என்ற இந்தப் பந்தயக் குதிரை இனத்தில் செயற்கைக் கருவூட்டலுக்கு அனுமதியே இல்லை. நேரடியாகச் சேர்ந்து பிறந்த குட்டிக்குத்தான் பதிவு கிடைக்கும். அதனால்தான் ஒவ்வொரு பெட்டையும் லாரியேறிப் பொலிகுதிரையின் வாசலுக்கு வருகிறது. டேப்பிட் என்ற பொலிகுதிரைக்கு ஒரு காலத்தில் ஒரு சேர்க்கைக்கு 3,00,000 டாலர். குட்டி பிறந்து, எழுந்து நின்று, பால் குடித்த பிறகே பணம் தருவது வழக்கமான ஒப்பந்தம். வழிகாட்டிகள் இதையெல்லாம் ஒளிவுமறைவில்லாமல் விளக்குவார்கள். பிள்ளைகளின் காதைப் பொத்தாதீர்கள், அவர்கள் கேட்கும் கேள்விகள் நம்முடையவற்றைவிட நல்லவை.

ஒரு ஆண்டில் எந்த மாதம் பிறந்தாலும் இங்கே குதிரைக்கு ஜனவரி 1தான் பிறந்தநாள். பிப்ரவரியில் பிறந்ததும் மே மாதத்தில் பிறந்ததும் பந்தயத்தில் ஒரே வயது. ஆகவே எல்லாருக்கும் ஆண்டுத் தொடக்கத்திலேயே குட்டி வேண்டும். சினைக்காலமோ பதினொரு மாதம், பெட்டைக்கு இயற்கையாகப் பருவம் வருவதோ வசந்தத்தில். என்ன செய்கிறார்கள்? டிசம்பர் குளிரில் லாயத்தில் விளக்கைப் போட்டு நாளைப் பதினாறு மணி நேரமாக நீட்டுகிறார்கள். வசந்தம் வந்துவிட்டது என்று பெட்டையின் உடம்பு நம்பிவிடுகிறது. பிரசவம் பெரும்பாலும் இரவில். குட்டி ஒரு மணி நேரத்தில் நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்துக்குள் தாய்க்கு நச்சுக்கொடி விழ வேண்டும். இரவுக் காவலர்களிடம் பேச வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். எந்தப் பொலிகுதிரையையும்விட அவர்களிடம் கதை அதிகம்.

பணத்தின் பைத்தியக்காரத்தனம் பார்க்க வேண்டுமானால் செப்டம்பரில் கீன்லேண்ட் ஏலத்துக்கு வரலாம், பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்கத் தடையில்லை. ஒரு வயதுக் குட்டிகள் ஏறத்தாழ நான்காயிரம் பட்டியலில் வரும். 1983இல் இதே ஊர் ஏலத்தில் ஸ்னாஃபி டான்சர் என்ற குட்டி 1 கோடியே 2 லட்சம் டாலருக்குப் போனது. அது ஒரு பந்தயம்கூட ஓடவில்லை. 1977இல் டெர்பி உள்ளிட்ட மூன்று பெரிய பந்தயங்களையும் வென்று மும்மகுடம் பெற்ற சியாட்டில் ஸ்லூ என்ற குதிரையை அதன் சொந்தக்காரர்கள் வெறும் 17,500 டாலருக்கு வாங்கியிருந்தார்கள்.

நான் கேட்கும் முக்கியமான மாற்றம் ஒன்று உண்டு. உங்கள் திட்டத்தில் குதிரைகளின் பெயர் இருக்கிறது, உரிமையாளர்களின் பெயர் இருக்கிறது, வேலைக்காரர்கள் இல்லை. 1875இல் முதல் டெர்பியில் ஓடிய பதினைந்து குதிரைகளில் பதின்மூன்றின் மேல் அமர்ந்திருந்தவர்கள் கறுப்பின ஜாக்கிகள். வென்ற அரிஸ்டைடீஸைச் செலுத்தியவர் ஆலிவர் லூயிஸ். பயிற்றுவித்த ஆன்சல் வில்லியம்சன் அடிமையாகப் பிறந்தவர். ஐசக் மர்ஃபி மூன்று டெர்பி வென்றார். பிறகு அவர்களைத் திட்டமிட்டுத் துரத்தினார்கள். 1902இல் ஜிம்மி விங்க்ஃபீல்டுக்குப் பின் இன்றுவரை ஒரு கறுப்பின ஜாக்கியும் டெர்பி வெல்லவில்லை. லெக்சிங்டனிலேயே ஆப்பிரிக்கக் கல்லறைத்தோட்டம் எண் 2 என்ற இடம் இருக்கிறது. லூயிஸ் அங்கேதான் இருக்கிறார். மர்ஃபியையும் 1896இல் அங்கேதான் புதைத்தார்கள். கல்லறை எதுவென்றே தெரியாமல் பல பத்தாண்டுகள் கிடந்து, 1960களில்தான் தேடிக் கண்டெடுத்தார்கள். இப்போது அவர் கென்டக்கி ஹார்ஸ் பார்க் என்ற குதிரைப் பூங்காவில், மேன் ஓ' வார் என்ற புகழ்பெற்ற பந்தயக் குதிரையின் சிலைக்குப் பக்கத்தில் இருக்கிறார். நம் பேருந்துகள் அந்தச் சிலையோடு படமெடுத்துக்கொண்டு மர்ஃபியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிளம்பிவிடுகின்றன.

அந்த மேன் ஓ' வாரைப் பராமரித்த வில் ஹார்பட்டும் கறுப்பினத்தவர்தான். வருகிறவர்களுக்கு அதன் கதையைச் சொல்லிச்சொல்லியே பெயர் பெற்றவர். 1947 அக்டோபரில் அவர் இறந்தார், குதிரை நவம்பர் 1ஆம் தேதி இறந்தது. இன்றைக்கு லாயத்தைக் கூட்டுகிறவர்கள், குளிப்பாட்டுகிறவர்கள், கயிறு பிடித்து நடத்துகிறவர்கள் பலர் மெக்சிகோவிலிருந்தும் குவாத்தமாலாவிலிருந்தும் வந்தவர்கள். விசாவுக்குக் காத்திருப்பது என்றால் என்னவென்று நமக்குத் தெரியாதா? பண்ணையில் கண்டால் ஒரு வணக்கம் சொல்லுங்கள், அவர்களைக் கேட்காமல் படமெடுக்காதீர்கள். வழிகாட்டியிடம் குதிரையின் வம்சத்தைக் கேட்கும் நேரத்தில் பாதியை, அதைக் காலையில் முதலில் தொடுகிறவர் யார் என்று கேட்பதற்கு ஒதுக்குங்கள்.

ஓடி முடித்த குதிரைகள் எங்கே போகின்றன என்பதையும் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம். 1986 டெர்பி வென்ற ஃபெர்டினாண்ட் ஜப்பானுக்கு விற்கப்பட்டு, 2002இல் இறைச்சிக்கூடத்தில் முடிந்ததாகச் செய்தி வந்தபோது இங்கே பலருக்குத் தூக்கம் போனது. பக்கத்து ஊரான ஜார்ஜ்டவுனில் ஓல்டு ஃப்ரெண்ட்ஸ் என்ற ஓய்வுப் பண்ணை இருக்கிறது. திரைப்பட விமர்சகராக இருந்த மைக்கேல் ப்ளோவன் 2003இல் தொடங்கியது. 1997 டெர்பி வென்ற சில்வர் சார்ம் ஜப்பானிலிருந்து திரும்பி வந்து சேர்ந்தது இங்கேதான். நுழைவுக் கட்டணம் குதிரைகளின் தீவனத்துக்குப் போகிறது. கையில் கேரட் வாளியோடு நடக்கலாம். நரைத்த முகங்கள், குழிந்த முதுகுகள், இரண்டு பந்தயம் தோற்றுவிட்டு வந்ததும் கோடிகள் சம்பாதித்ததும் பக்கத்துப் பக்கத்து வேலியில். உங்கள் பட்டியலில் ஒரே ஓர் இடத்தைத்தான் கூட்ட முடியும் என்றால் இதைக் கூட்டுங்கள்.

சர்ச்சில் டவுன்ஸில் 2023 வசந்தத்தில் பன்னிரண்டு குதிரைகள் இறந்தன, அவற்றில் இரண்டு டெர்பி நாளன்றே. பந்தயங்களையே வேறு திடலுக்கு மாற்றினார்கள். 2022 ஜூலை முதல் நாடு தழுவிய பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்திருந்தும் இந்த நிலை. இதைக் காட்டிப் பந்தயமே வேண்டாம் என்று உங்கள் உறுப்பினர்கள் சிலர் சொன்னால், அவர்களைக் கேலி செய்யாமல் பண்ணைக்கு மட்டும் வர வழி வையுங்கள். நான் பந்தயம் பார்க்கிறவன்தான். ஆனாலும் ஒரு குதிரை கால் மடங்கி விழுந்து, திரை பிடித்து மறைக்கும்போது என்னிடம் எந்தச் சமாதானமும் இருப்பதில்லை.

சூதாட்டம் பற்றிச் சுருக்கமாக: பதினெட்டு வயதுக்குக் கீழே யாரும் பணம் கட்டக்கூடாது, பிள்ளைகள் பெயரில் பெரியவர்கள் கட்டும் விளையாட்டும் வேண்டாம். கட்டுகிறவர்கள் இரண்டு டாலரோடு நிறுத்துங்கள். திடல் தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் வென்றவர்களுக்குப் பிரித்துத் தருகிறது. போன வருடம் ஒருவர் கணிதம் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். திரும்பிப் போகும்போது பேருந்தில் அவர் பேசவில்லை என்று கேள்வி.

ஐம்பது பேரை மூன்று குழுவாகப் பிரியுங்கள், பெரும்பாலான பண்ணைகள் பெரிய கூட்டத்தை ஏற்பதில்லை. ஒரு குழு காலைப் பயிற்சியில் இருக்கும்போது இன்னொன்று கல்லறைத்தோட்டத்தில் இருக்கலாம், மற்றொன்று ஜார்ஜ்டவுனில். மூடிய காலணி, மழைக்கு ஒரு மேலுடை, தூரத்திலிருந்து படமெடுக்க ஒரு கேமரா போதும். அக்டோபர் வாரங்களுக்கான பண்ணைச் சுற்று இடங்கள் கோடையிலேயே நிரம்பத் தொடங்கும். ஆகவே உங்கள் செயற்குழு இந்த மாதக் கூட்டத்திலேயே தேதியைத் தீர்மானித்தால், இங்குள்ள நாங்கள் சிலர் சேர்ந்து முன்பதிவுகளைக் கவனித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
லெக்சிங்டனிலிருந்து ஒரு தமிழன்