கழுகின் தலையில் கூரை எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் பறவைப் பக்கத்தில் ‘முகடு கொண்ட பாம்புக் கழுகு’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். என் பேத்தி அதை உரக்கப் படித்துவிட்டு, “தாத்தா, முகடுன்னா கூரை உச்சிதானே? கழுகு தலையில வீடு கட்டியிருக்கா?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. தங்களிடம் இருக்கும்.

தாங்கள் அறியாததல்ல, ஆங்கிலத்தின் ‘கிரெஸ்ட்’ மலைக்கு முகடு, பறவைக்குக் கொண்டை. அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டினால் இப்படித்தான் ஆகும். அந்தக் கழுகைப் பலமுறை தொலைநோக்கியில் பார்த்திருக்கிறேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போது கறுப்பும் வெள்ளையுமான இறகுகள் பிடரியில் படிந்து கிடக்கும், இருப்பதே தெரியாது. மிரண்டால் சட்டென்று சிலிர்த்து விசிறியாகும். பின்தலையில் இருப்பதால் குடுமி என்பதுதான் எனக்குப் பிடித்த சொல். கொண்டை என்றாலும் சரி, சண்டைக்கு வரமாட்டேன்.

நமக்கென்ன சொல் பஞ்சமா? சேவலின் தலையில் சதையாக நிற்பதற்குச் சூட்டு என்றே தனிச்சொல் இருக்கிறது. புல்புல்லைக் கொண்டைக்குருவி என்கிறோம். கொண்டலாத்தி தரையில் இறங்கிய கையோடு கொண்டையை விரித்து மடக்குவதைப் பார்த்தவன் அந்தப் பெயரை மறப்பானா? (அதையும் ஒருமுறை மரங்கொத்தி என்று படத்துடன் போட்டீர்கள். நான் எழுதிய கடிதம் வந்தது, திருத்தம் வரவில்லை. என் பெயரிலும் ஓர் எழுத்து காணாமல் போயிருந்தது.) மயிலுக்கு 1758-இல் ஸ்வீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் வைத்த அறிவியல் பெயர் பாவோ கிரிஸ்டேடஸ். கொண்டையுள்ள மயில் என்று பொருள். அவ்வளவு பெரிய தோகை இருக்க, கொண்டையைக் கவனித்த மனிதர்! தங்கள் மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்திருந்தால் ‘முகட்டு மயில்’ ஆகியிருக்கும்.

அப்புறம் தாங்கள் அச்சிட்ட அந்த ‘முடிசூட்டப்பட்ட கொக்கு’. ஆப்பிரிக்காவில் வாழும் அதன் தலையில் பொன்னிற இறகுகள் விறைத்து நிற்கும், அவ்வளவுதான். யார் முடிசூட்டினார்கள்? பட்டாபிஷேகத்துக்குத் தங்களுக்கு அழைப்பு வந்ததா?

நான் கேட்பது ஒரு வரிதான். அடுத்த இதழின் ஏதாவது ஒரு மூலையில் ‘முகடு என்பதைக் குடுமி என்று திருத்திப் படிக்கவும்’ என்று போடுங்கள். பேத்தி தன் நோட்டில் முகடு என்றே எழுதி வைத்திருக்கிறாள். நான் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறாள், அச்சில் வந்தால்தான் நம்புவாளாம்.

என் பெயரைப் போட வேண்டாம். போன தடவை பட்டது போதும்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருவர்