லெட்டர் வந்தாச்சு, இப்போ நன்றி சொல்ற நேரம்

எல்லாருக்கும் வணக்கம். ஐஆர்எஸ்ல இருந்து, அதான் அமெரிக்க வரி ஆபீஸ்ல இருந்து, அந்த லெட்டர் வந்துடுச்சு. நம்ம தமிழ் வகுப்பு பெற்றோர் தன்னார்வலர் குழு இனிமே முறைப்படி 501(சி)(3), அதாவது வரிவிலக்கு பெற்ற அமைப்பு. வாட்ஸாப்ல ஆளுக்கொரு கைதட்டு போட்டுட்டு அவங்கவங்க வேலையப் பாக்கப் போயிட்டீங்க, சரி, ஆனா இதுக்குப் பின்னாடி யார் யார் என்ன பாடு பட்டாங்கன்னு பாதிப் பேருக்குத் தெரியாது. அதான் உக்காந்து எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும். பேர் போட வேண்டாம்னு அவங்களே சொல்லிட்டாங்க, படிச்சா யாருன்னு உங்களுக்கே புரிஞ்சிடும்.

மொதல்ல நம்ம நோட்டு அக்கா. மூணு வருஷமா ஆண்டுவிழா டிக்கெட் காசு, புத்தகக் காசு, ஜூஸ் வாங்குன காசு எல்லாமே அவங்க சொந்த பேங்க் அக்கவுண்ட்லதான் வந்து போயிட்டு இருந்துச்சு, நாம யாரும் அதப் பத்தி ஒரு நிமிஷம் யோசிக்கல. ஒரு நாள் அவங்க வீட்டுக்காரர் கடுப்பாகி, நாளைக்கு வரி ஆபீஸ்ல இது யார் வருமானம்னு கேட்டா நீ என்ன சொல்லுவேன்னு கேட்டாரு. அங்க ஆரம்பிச்சதுதான் இவ்வளவும். அண்ணா, கோவத்துல கேட்டதா இருந்தாலும் உங்களுக்கும் நன்றி. அக்காவோட நோட்டுல ஒவ்வொரு டாலரும் தேதி போட்டு எழுதியிருந்துச்சு. வரிவிலக்கு கேட்டு சின்ன ஃபார்ம், அதான் 1023-ஈஸி, போடணும்னா வருஷ வரவு போன மூணு வருஷமும் வரப்போற மூணு வருஷமும் 50,000 டாலரத் தாண்டக்கூடாது, சொத்து 2,50,000க்குள்ள இருக்கணும். அந்த நோட்டு இல்லேன்னா முதல் கேள்விக்கே நாம முழிச்சிருப்போம். நாம கட்டுனது 275 டாலர், பெரிய ஃபார்ம்னா 600, கூடவே பட்ஜெட்டு, விளக்கம்னு பக்கம் பக்கமா எழுதித் தரணும்.

அடுத்தது கமா, புள்ளி கூட விடாம படிக்கிற நம்ம தம்பி. ஸ்டேட்ல அமைப்பப் பதிவு பண்ண அவங்க சைட்ல இருந்த ரெடிமேட் ஃபார்ம நான்தான் அவசர அவசரமா நிரப்பி அனுப்பிட்டேன், ரெண்டே நாள்ல பதிவும் ஆயிடுச்சு, எனக்கு ஒரே பெருமை. தம்பி அதப் படிச்சுட்டு "அக்கா, நாளைக்கு குழுவக் கலைச்சா மிச்சக் காசு எங்க போகும்னு இதுல எங்கயுமே இல்லையே"ன்னான். கலைச்சா சொத்து இன்னொரு வரிவிலக்கு அமைப்புக்கோ அரசாங்கத்துக்கோ பொதுக் காரியத்துக்காகத்தான் போகணும், நம்ம யார் பாக்கெட்டுக்கும் வராது, இத நம்ம மாதிரி குழு பதிவுப் பத்திரத்துலயே எழுதி வெச்சுடணும். சின்ன ஃபார்ம்ல பத்திரத்த அனுப்பச் சொல்ல மாட்டாங்க, எல்லாம் இருக்குன்னு டிக் மட்டும் அடிக்கணும், அப்படியே டிக் அடிச்சிருந்தேன்னா பொய் சொன்ன மாதிரிதானே. திருத்தம் போட மறுபடியும் ஃபீஸ் கட்டுனோம். என் அவசரத்துக்கு நானே கட்டுன தண்டம் அது.

டீச்சரா வேலை பாக்குற ஒரு அம்மாவுக்கும் நன்றி. பள்ளிக்கூடம்னு விண்ணப்பிக்கிறவங்க சின்ன ஃபார்ம் போட முடியாதுன்னு அவங்கதான் கண்டுபிடிச்சாங்க. வகுப்பு நடத்துறது வேற அமைப்பு, நாம வெறும் உதவிக் குழு, அதனால தப்பிச்சோம். நம்ம நோக்கத்த எழுதறப்ப "தமிழ் சொல்லித் தருதல்"னு பந்தாவா எழுதியிருந்தேன், அதையும் அவங்கதான் மாத்தச் சொன்னாங்க.

இப்போ அந்தச் சண்டைக்கு வர்றேன். ஞாபகம் இருக்கும் எல்லாருக்கும். யாரு எவ்வளவு டிக்கெட் விக்கிறாங்களோ அந்தக் காச அவங்க பிள்ளையோட ஃபீஸ்ல கழிச்சுக்கலாம்னு நம்மள்ல பல பேர் சொன்னோம், நானும்தான் சொன்னேன், ஓடா உழைக்கிறவங்களுக்கு ஒண்ணும் இல்லையான்னு கேட்டோம், நியாயமாத்தான் தெரிஞ்சுது. அக்கவுண்டன்ட் அண்ணா ஒரே ஆளா நின்னு முடியாதுன்னாரு. அப்படிப் பண்ணா அது பொதுக் காசு கிடையாது, அவங்கவங்க பிள்ளைக்கு அவங்கவங்க சம்பாதிச்ச மாதிரி ஆயிடும், வரிவிலக்கே போயிடும்னாரு. நாம நம்பல. அப்புறம்தான் 2013ல இதே மாதிரி யாரு எவ்வளவு வித்தாங்கன்னு பாயிண்ட் போட்டு அவங்கவங்க பிள்ளைங்க ஃபீஸ்ல கழிச்ச ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் பெற்றோர் குழு வரி கோர்ட்டுல தோத்த கதைய எடுத்துக் காட்டுனாரு. ரெண்டு குடும்பம் அன்னைக்கு கோச்சுக்கிட்டு எழுந்து போனாங்க, அண்ணாகிட்ட ஒரு மாசம் சரியா பேசல. அண்ணா, காசு வாங்காம இத்தனை ராத்திரி உக்காந்ததுக்கு மேல திட்டும் வாங்குனீங்க, அதுக்கு தனியா ஒரு நன்றி. கோச்சுக்கிட்டுப் போயிட்டு திரும்பி வந்து ஆண்டுவிழாவுக்கு நாற்காலி போட்டாங்களே அந்த ரெண்டு குடும்பம், உங்களுக்கு அதவிடப் பெரிய நன்றி.

ஈஐஎன், அதான் வரி ஆபீஸ் அமைப்புக்குக் குடுக்குற அடையாள நம்பர், அத வாங்க காசு கேட்ட ஏதோ ஒரு சைட்ல நான் கார்ட் நம்பர அடிக்கப் போறப்ப, ஐஆர்எஸ் சைட்ல அது ஃப்ரீன்னு கையப் பிடிச்சு நிறுத்துன தோழிக்கும், விதிமுறைய டைப் பண்ண காலேஜ் பொண்ணுக்கும், செக்குல ரெண்டு கையெழுத்து வேணும், அந்த ரெண்டு பேரும் ஒரே வீட்டு ஆளுங்களா இருக்கக்கூடாதுன்னு பிடிவாதம் பிடிச்ச மாமிக்கும் நன்றி. எங்க சனிக்கிழமை எல்லாம் போச்சே, அந்த நேரத்துக்கு வரில கழிவு உண்டான்னு கேட்ட மாமாவுக்கு, நேரத்துக்குக் கிடையாது, ஆனா குழு வேலையா கார் ஓட்டுனா மைலுக்கு 14 சென்ட் கணக்குல காட்டலாம், எழுதி வெச்சுக்கோங்க. 250 டாலரும் அதுக்கு மேலயும் குடுத்தவங்களுக்கு ரசீது லெட்டர் அனுப்பறேன், பதிலுக்கு உங்களுக்கு என்ன குடுத்தோம்னும் அதுல இருக்கும்.

லெட்டர் வந்ததோட முடியல. வருஷா வருஷம் மே 15க்குள்ள 990-என், அதான் சின்ன அமைப்புங்க ஐஆர்எஸ்க்கு அனுப்புற வருஷாந்திர அறிக்கை, போடணும், ஆன்லைன்ல அஞ்சு நிமிஷ வேலைதான், தொடர்ந்து மூணு வருஷம் விட்டா வரிவிலக்கு தானா ரத்தாயிடும். அக்கவுண்டன்ட் அண்ணா தன் ஃபோன்லயும் என் ஃபோன்லயும் அலாரம் வெச்சிருக்காரு.

நோட்டு அக்கா, உங்க அக்கவுண்ட்ல இருந்த நம்ம காசு மொத்தமும் புது அக்கவுண்டுக்கு வந்துடுச்சு. கணக்குப் பாத்ததுல நாமதான் உங்களுக்கு 11 டாலர் 40 சென்ட் தரணும். செக் எழுதி வெச்சிருக்கேன், ரெண்டு கையெழுத்தோட. சனிக்கிழமை வந்து வாங்கிக்கோங்க.