விளக்கை அணைத்தாலும் போகாத கூச்சம்

செல்லம்,

போனில் நீ பாதியில் நிறுத்தியதை நான் எழுத்தில் தொடர்கிறேன். நேரில் என்றால் நீ முகத்தைத் திருப்பிக்கொள்வாய், நானும் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். விளக்கை அணைத்தாலும் கூச்சம் போகவில்லை, மாப்பிள்ளை பக்கத்தில் வந்தாலே உடம்பு இறுகிப்போகிறது, பிறகு ஏதோ தப்புச் செய்த மாதிரி இருக்கிறது, "எனக்குத்தான் கோளாறு" என்றாய். அப்படி இல்லைடா. சின்ன வயதிலிருந்து ஒழுங்காக உட்கார், அங்கே தொடாதே, அதைப் பற்றிக் கேட்காதே என்றே கேட்டு வளர்ந்த உடம்பு, கல்யாணம் ஆன மறுநாளே அத்தனையையும் மறந்துவிடு என்றால் எப்படி மறக்கும்?

பயமோ வெட்கமோ வந்தால் உடம்பு தற்காப்புக்குத் தயாராகிவிடும், தசை இறுகும், மூச்சு மேலே ஏறும். ஆசை வர வேண்டுமென்றால் அந்தப் பதற்றம் முதலில் அடங்க வேண்டும். பெண்ணுறுப்பைச் சுற்றியுள்ள இடுப்புத்தளத் தசைகள் நம்மைக் கேட்காமலே இறுகிக்கொண்டால் வலிக்கும், ஒரு தடவை வலித்துவிட்டால் அடுத்த தடவை வலிக்குமோ என்ற நினைப்பிலேயே இன்னும் இறுகும். மருத்துவர்கள் இதை வஜைனிஸ்மஸ் என்பார்கள். உனக்கு இருப்பது அதுதானா, வேறு தொற்றோ புண்ணோ காரணமா என்பதை மகளிர் மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதுவே என்றாலும் இடுப்புத்தளப் பிசியோதெரபி, சின்ன அளவிலிருந்து மெதுவாக உள்ளே வைத்துப் பழக்கும் டைலேட்டர் என்ற வழவழப்பான குழல், கூடவே ஆலோசனை என்று நல்ல வழிகள் இருக்கின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வது வைத்தியம் இல்லை. போகப்போகச் சரியாகிவிடும் என்று எந்தப் பெரியமனுஷி சொன்னாலும் (சொல்வார்கள், அவர்களுக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்) காதில் போட்டுக்கொள்ளாதே.

இன்னொன்று. வில்லியம் மாஸ்டர்ஸ், வர்ஜீனியா ஜான்சன் என்று அமெரிக்காவில் இருவர் இந்த விஷயத்தையே ஆராய்ந்தவர்கள். 1970இல் அவர்கள் வெளியிட்ட சிகிச்சை முறையில் முதல் நிபந்தனையே உடலுறவு கூடாது என்பதுதான். கொஞ்ச நாளைக்கு மார்பையும் பிறப்புறுப்பையும் விட்டுவிட்டு, கை, முதுகு, தலைமுடி என்று மாறி மாறித் தொடுவது, தொடும்போது சூடா, மென்மையா, சொரசொரப்பா என்று கவனிப்பது, அவ்வளவுதான். கிளர்ச்சி வர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இன்றும் ஆலோசகர்கள் சொல்லித்தருகிறார்கள். எனக்கு இதில் பிடித்தது, தேர்வு எழுதுகிற மாதிரி இருக்கும் அந்த உணர்வு போய்விடுகிறது. அடுத்து என்ன நடக்குமோ என்று காத்திருக்க வேண்டாம், ஏனென்றால் அடுத்து எதுவும் நடக்கப்போவதில்லை என்று இருவருமே முன்கூட்டியே பேசி வைத்திருப்பீர்கள்.

ஆசை தானாக முதலில் வர வேண்டும் என்று நினைத்து உன்னையே நொந்துகொள்கிறாய் போலிருக்கிறது. எல்லோருக்கும் அப்படி வருவதில்லை. ரோஸ்மேரி பாசன் என்ற மருத்துவர் 2000இல் எழுதியது இதைப் பற்றித்தான்: பலருக்கு, குறிப்பாக நீண்ட நாள் உறவில் இருக்கும் பெண்களுக்கு, நெருக்கமும் தொடுதலும் முதலில், ஆசை அதற்குப் பிறகுதான். ஆனால் இதைச் சாக்காக வைத்து மனமில்லாதபோதும் சரி என்று சொல்லிவிடாதே. வேண்டாம் என்று சொல்ல முடிகிற இடத்தில்தான் வேண்டும் என்பதற்கும் அர்த்தம் இருக்கும், இல்லையா?

உன் உடம்பை நீயே ஒரு கண்ணாடி வைத்துப் பார்த்ததுண்டா? பார். தொட்டும் பார், அதில் பாவமும் இல்லை, உடம்புக்குக் கெடுதலும் இல்லை. பெண்ணின் இன்பத்துக்கென்றே இருக்கும் கிளிட்டோரிஸின் பெரும்பகுதி வெளியே தெரியாமல் உள்ளேதான் இருக்கிறது, 1998இல் ஹெலன் ஓ'கானெல் என்ற அறுவை மருத்துவர் அதன் முழு அமைப்பையும் விவரமாக எழுதும்வரை பல மருத்துவப் பாடநூல்களிலேயே அது சரியாக இல்லை. அப்புறம் நமக்குத் தெரியவில்லை என்று வெட்கப்பட என்ன இருக்கிறது?

மாப்பிள்ளையிடம் படுக்கையில் வைத்துப் பேசாதே. நடக்கப் போகும்போது பேசு, முகம் பார்க்க வேண்டியிருக்காது. "உங்களைப் பிடிக்காமல் இல்லை, என் உடம்பு பயப்படுகிறது" என்று தொடங்கினால் போதும், இல்லாவிட்டால் அவர் தன்னைத்தான் ஒதுக்குகிறாய் என்று நினைத்துக்கொள்வார். டாக்டரிடம் அவரும் வரட்டும். உள்ளே பரிசோதிப்பதற்கு முன் உன்னிடம் கேட்க வேண்டும், வலித்தால் நிறுத்தச் சொல்லலாம். சலித்துக்கொள்கிற டாக்டராக இருந்தால் எழுந்து வந்துவிடு, வேறொருவரைப் பார்க்கலாம்.

எனக்கு எந்த விவரமும் சொல்ல வேண்டாம். டாக்டரிடம் நாள் வாங்கியாச்சு என்று மட்டும் ஒரு வரி அனுப்பு. அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

அம்மா