டைனமோவுக்குப் பயிற்சி கொடுத்த ஸ்பார்டக்காரருக்கு

அன்புள்ள நிக்கொலாய் பெத்ரோவிச் அவர்களுக்கு,

வணக்கம். உங்களை ஸ்டாரோஸ்டின் என்று மொட்டையாகக் கூப்பிடக் கூடாது, அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் மரியாதை என்பது எங்களுக்குத் தெரியும். மாஸ்கோவிலிருந்து மலிவு விலையில் கப்பலேறி வந்த தமிழ் மொழிபெயர்ப்புகளைப் படித்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. அந்தப் பழக்கத்தில்தான் இந்தக் கடிதத்தையும் தொடங்குகிறேன். 1996இல் இறந்துபோனவருக்கு எந்த முகவரிக்கு அனுப்புவது என்பது வேறு விஷயம்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் தம்பிகளோடு சேர்ந்து வளர்த்தெடுத்த ஸ்பார்டக் மாஸ்கோ கால்பந்து அணியை ரஷ்யர்கள் 'மக்களின் அணி' என்கிறார்கள். டைனமோ ரகசியப் போலீசின் அணி, சிஎஸ்கேஏ ராணுவத்தின் அணி, லோகோமோட்டிவ் ரயில்வேயின் அணி, டார்ப்பிடோ கார் தொழிற்சாலையின் அணி. ஸ்பார்டக் மட்டும் யாருடையதும் அல்ல, அதனால் எல்லோருடையதும் என்பது கதை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இந்தக் கதையில் எவ்வளவு நிஜம், எவ்வளவு உங்கள் கைவண்ணம்?

ஏன் கேட்கிறேன் என்றால், 1922 ஏப்ரலில் மாஸ்கோவின் பிரெஸ்னியா பகுதிப் பையன்கள் முதல் மேட்ச் ஆடியபோது அணியின் பெயர் மாஸ்கோ விளையாட்டு வட்டம். பிறகு 'சிவப்பு பிரெஸ்னியா' ஆனது. 1926இல் உணவுத் தொழிலாளர் சங்கம் ஆதரவு கொடுத்ததும் அந்தச் சங்கத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது. இடையில் ஒரு சிகரெட் ஆலையின் பெயர்கூட வந்து போனது. உங்கள் அப்பா, பணக்காரர்கள் வேட்டைக்குப் போனால் வழிகாட்டியாகக் கூடப் போனவர். அவர் டைபஸ் காய்ச்சலில் இறந்த பிறகு, கோடையில் கால்பந்து, குளிர்காலத்தில் ஐஸ் ஹாக்கி என்று ஆடியே குடும்பத்தைத் தாங்கியிருக்கிறீர்கள். ஆதரவாளர் இல்லாமல் அடுப்பு எரியாது என்று அந்த வயதிலேயே தெரிந்துகொண்டவர் நீங்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எதிர் அணி ரசிகர்கள் அந்த உணவுச் சங்கத்தை வைத்து ஸ்பார்டக்காரர்களை 'இறைச்சி' என்று கேலி செய்தார்கள். இன்று அதே சொல்லை உங்கள் ரசிகர்கள் நெஞ்சை நிமிர்த்திக் கோஷமாகப் போடுகிறார்கள். "நாம் யார்? இறைச்சி!"

1935இல் ஸ்பார்டக் என்ற பெயர் வந்தபோதும் பின்னால் ஒருவர் இருந்தார்: கொம்சோமோல் என்ற கம்யூனிஸ்ட் இளைஞர் அமைப்பின் தலைவர் அலெக்சாந்தர் கோசரெவ். ரோம் பேரரசை எதிர்த்த அடிமையின் பெயரை அரசாங்கத்துச் செல்வாக்கோடு ஓர் அணிக்குச் சூட்டியதை என்னவென்று சொல்வது! அடுத்த ஆண்டு சோவியத் உடற்பயிற்சி நாளில் செஞ்சதுக்கத்தின் கருங்கல் தளத்தின் மேல் பிரம்மாண்டமான கம்பளி விரிப்பைப் போட்டு ஸ்டாலின் முன்னால் ஆடிக் காட்டினீர்களே, அந்தக் காட்சியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். இரண்டு பக்கமும் ஸ்பார்டக் வீரர்களேதான். தலையால் முட்டி ஒரு கோல், பின்குதிகாலால் ஒரு கோல், பெனால்டியில் ஒரு கோல் என்று எல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்த நாடகம். ஸ்டாலினுக்கு அலுப்புத் தட்டினால் கோசரெவ் வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டுவார், உடனே நிறுத்திவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அரை மணி நேரத்துக்குத் திட்டமிட்டது 43 நிமிடம் ஓடியது. கைக்குட்டை ஆடவே இல்லை. கோசரெவைத்தான் மூன்றே ஆண்டுகளில் சுட்டுக் கொன்றார்கள்.

அதற்குள் ரகசியப் போலீசின் தலைவராகப் பெரியா வந்துவிட்டார். இளவயதில் ஜார்ஜியாவில் அவரும் கால்பந்து ஆடினார் என்றும், முரட்டு ஆட்டக்காரர் என்றும், அவரை நீங்கள் எதிர்த்து ஆடியிருக்கிறீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். 1938இல் லீக், கோப்பை இரண்டையும் ஸ்பார்டக் வென்றது. 1939 கோப்பை அரையிறுதியில் பெரியாவின் செல்லப்பிள்ளையான ஜார்ஜிய அணி டைனமோ திபிலிசியை 1-0 என்று வீழ்த்தி, இறுதிப் போட்டியையும் வென்று, கோப்பையைக் கையில் வாங்கியாகிவிட்டது. அப்புறம்தான் மேலிடத்திலிருந்து உத்தரவு வருகிறது: அந்த அரையிறுதியை மறுபடி ஆடு! பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு பரிமாறக் கூப்பிடுவது மாதிரி, இறுதிப் போட்டி முடிந்த பிறகு ஓர் அரையிறுதி. செப்டம்பர் 30 அன்று 3-2 என்று மறுபடியும் ஜெயித்தீர்கள். கிளாஸ்கோவ் மூன்று கோல் போட்டார். பெரியா நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியேறினார் என்று எழுதுகிறீர்கள். அந்த ஆண்டு லீகும் உங்களுக்கே.

1942 மார்ச்சில் உங்களையும் அலெக்சாந்தர், ஆந்திரேய், பியோத்தர் என்ற மூன்று தம்பிகளையும் கைது செய்தார்கள். முதலில் ஸ்டாலினைக் கொல்லச் சதி என்றார்கள். அது நிற்காமல் போனதும் முதலாளித்துவ விளையாட்டைப் புகழ்ந்தது குற்றமானது. நால்வருக்கும் பத்தாண்டு. வழக்குக் கோப்புகளைப் பிற்பாடு புரட்டிப் பார்த்தவர்கள் வேறொன்றும் சொல்கிறார்கள். பணக் கையாடல், ஆட்களைப் போர்முனைக்கு அனுப்பாமல் தப்பவைத்தது போன்ற குற்றச்சாட்டுகளும் அவற்றில் இருக்கின்றனவாம். அந்தக் காலத்துப் போலீஸ் எழுதிய காகிதத்தை அப்படியே நம்ப நான் தயாரில்லை. ஆனால் உங்கள் நினைவுக்குறிப்பில் எல்லாமே பெரியாவின் பழிவாங்கலாக அவ்வளவு வடிவாகச் சுருங்கிவிடுவதையும் முழுதாக நம்ப முடியவில்லை, மன்னியுங்கள்.

முகாமில் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வடக்கே உக்தாவில் கைதிகள் செத்துக்கொண்டிருந்தபோது, முகாம் அதிகாரிக்கு உங்களைத் தன் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளராக்க ஆசை. அணியின் பெயர் டைனமோ! ரகசியப் போலீசின் கைதி ரகசியப் போலீசின் அணிக்குப் பயிற்சி கொடுக்கிறார். தூரக்கிழக்கிலும் அதே வேலைதான். கொலைகாரக் கைதிகள்கூட உங்களைச் சுற்றி உட்கார்ந்து பழைய மேட்ச் கதைகளை வாய் பிளந்து கேட்டார்களாம். அந்தக் கதைசொல்லும் பழக்கம் உங்களை விட்டுப் போகவே இல்லை என்று நினைக்கிறேன்.

1948இல் ஸ்டாலினின் மகன் வசீலி தன் விமானப்படை அணிக்காக உங்களை மாஸ்கோவுக்கு வரவழைத்தார். பெரியாவின் ஆட்கள் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்று, தலையணைக்கு அடியில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு உங்களைத் தன் கட்டிலிலேயே படுக்கவைத்தார். குடும்பத்தைப் பார்க்க ஜன்னல் வழியாகக் குதித்து ஓடினீர்கள். வீட்டில் வைத்துப் பிடித்து ரயிலேற்றினார்கள். வழியில் ஓரியோலில் வசீலியின் ஆட்கள் திரும்பக் கூட்டிவந்தார்கள். கடைசியில் கஜகஸ்தானுக்கு நாடுகடத்தல். இதை யாராவது திரைக்கதையாக எழுதிக் கொடுத்தால் தயாரிப்பாளர் நம்ப மாட்டார்.

ஸ்டாலின் இறந்து, பெரியாவும் போன பிறகு, திரும்பி வந்து 1955இல் ஸ்பார்டக்கின் தலைவரானீர்கள். மறு ஆண்டே மெல்போர்ன் ஒலிம்பிக் இறுதியில் ஆடிய சோவியத் அணியின் 11 பேரில் 8 பேர் உங்கள் ஆட்கள். கேப்டன் இகோர் நெட்டோ, வெற்றி கோல் போட்ட இலியின், எல்லோரும் ஸ்பார்டக். அது ஒரு காலம். 1976இல் அதே அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. தூக்கி நிறுத்தப் பயிற்சியாளராக வந்தவரோ பழைய டைனமோ ஆட்டக்காரர் கான்ஸ்டான்டின் பெஸ்கோவ்! 1979இல் மறுபடி சாம்பியன். பத்தாண்டுக்கு மேல் உழைத்த அந்த மனிதரோடு நீங்கள் முட்டிக்கொண்டதையும், 1988 முடிவில் அவர் வெளியேற்றப்பட்டதையும் என்னால் ரசிக்க முடியவில்லை. மறுசீசனில் புதுப் பயிற்சியாளர் ரொமான்த்செவ் லீக் கோப்பையைக் கொண்டுவந்து உங்கள் கணக்கைச் சரியாக்கிவிட்டார், அது வேறு.

1982 அக்டோபர் 20 பற்றி எழுதாமல் இந்தக் கடிதத்தை மூட முடியாது. லுஷ்னிகி மைதானத்தில் நெதர்லாந்தின் ஹார்லெம் அணியோடு யூஇஎஃப்ஏ கோப்பை ஆட்டம். உறைபனி. கடைசி நிமிடங்களில் படியிறங்கிக்கொண்டிருந்த கூட்டத்தில் நெரிசல், ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். உள்ளே ஸ்பார்டக்கின் ஷ்வெத்சொவ் இரண்டாவது கோலைப் போட்டார். அந்த கோலை அடிக்காமலே இருந்திருக்கலாம் என்று பின்னாளில் சொன்னார். அதிகாரபூர்வக் கணக்கில் 66 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பதின்வயதுப் பிள்ளைகள். மறுநாள் மாஸ்கோ மாலைப் பத்திரிகையில் சிலருக்குக் காயம் என்று ஓரிரு வரி, அவ்வளவுதான். எத்தனை பேர் என்று நாட்டுக்குத் தெரியவர ஏழு ஆண்டுகள் ஆயின. மக்களின் அணி என்றால், அன்று அந்தப் படிக்கட்டில் இருந்தவர்கள்தானே அந்த மக்கள்? அரண்மனைச் சதிகளைவிட அவர்களைப் பற்றி நீங்கள் இன்னும் நிறையப் பேசியிருக்கலாம் என்று எனக்கு ஒரு வருத்தம்.

நீங்கள் போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். 1995 இலையுதிர் காலத்தில் சாம்பியன்ஸ் லீக் குழு ஆட்டங்கள் ஆறிலும் ஸ்பார்டக் ஜெயித்ததைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினீர்கள். மார்ச்சில் காலிறுதி வருவதற்குள் முக்கிய வீரர்கள் சிலர் போய்விட்டார்கள், பிரான்சின் நான்த் அணியிடம் தோற்றோம். (தோற்றோம் என்று எழுதிவிட்டேன், பாருங்கள்.) 2001 வரை லீக் கோப்பைகள் குவிந்தன. அடுத்தது வர 2017 ஆனது, இத்தாலியர் கரேரா பயிற்சியில். 2014இல் மாஸ்கோவின் துஷினோவில் சொந்த மைதானமும் வந்துவிட்டது. வாசலில் ஸ்பார்டகஸுக்குப் பெரிய சிலை. உள்ளே உங்கள் நால்வருக்கும் சிலை வைத்து, ஆட்டத்தைப் பார்க்க விட்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் கதைகளைச் சந்தேகப்பட்டுக்கொண்டே படிக்கும் ஒரு தமிழ் ரசிகன்